தாத்தாவின் கேசட்: பழுது நீக்கிய குறிப்புகள்

எங்கள் வீட்டில் தாத்தாவின் குரல் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. 60 நிமிட நாடா அது. ஒரு பக்கத்தில் அவர் யாங்கோனிலிருந்து (பழைய பெயர் ரங்கூன்) தமிழ்நாட்டில் இருந்த தம்பிக்குப் பேசி அனுப்பியிருக்கிறார். மறுபக்கத்தில் சின்னத் தாத்தா பதில் பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறார். 1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்ட பிறகு, அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த பல குடும்பங்களைப் போலவே எங்கள் குடும்பத்திலும், ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் கேசட் ஒரு காலத்தில் கடிதத்தின் வேலையைச் செய்தது.

தாத்தா இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். உறவுக்காரர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் இன்றும் அவரை ‘நேதாஜி படை ஆள்’ என்றுதான் சொல்வார்கள். கேசட்டில் படையைப் பற்றி அவர் பேசும் ஆறு நிமிடங்களை ஒவ்வோர் ஆண்டும் நேதாஜியின் பிறந்தநாளான ஜனவரி 23 அன்று வீட்டில் போட்டுக் கேட்பது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கமே நாடாவைக் கெடுத்தது. படைப் பேச்சு வரும் இடத்தைத் தேடி முன்னும் பின்னுமாக ஓட்டியதில் அங்கே காந்தப் பூச்சு தேய்ந்து ஒலி விட்டுவிட்டு வந்தது. ஒருமுறை நாடாவே அறுந்து, யாரோ செலோ டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் ஓட்டத் துணியாமல் கேசட் அலமாரிக்குள் போய்விட்டது. யாங்கோன் மழைக்காலத்தின் ஈரம் பூட்டிய அலமாரியையும் விடுவதில்லை.

கையில் எடுத்தபோது அதன் நிலை இதுதான். கேசட்டின் சிறு சாளரம் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடிபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. நாடாவை ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்து, கூட்டுக்குள் கிடந்து ஆடியது. கூடு திருகாணி போட்ட வகை அன்று. இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிய வகை. ஆகவே அதைப் பிளந்து, நாடாவை எடுத்து, ஐந்து திருகாணி உள்ள வேறு கூட்டுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. மாற்றுக் கூட்டுக்காகத் திறக்கப்படாத வெற்றுக் கேசட் ஒன்றை யாங்கோனின் தெயின்ஜி சந்தைப் பக்கம் பழைய மின்பொருள் விற்கும் கடையில் வாங்கினேன். கூட்டை வாங்கும்போது, அதன் கம்பளித் துண்டும் உருளைகளும் வழவழப்பான உள்தாள்களும் நல்ல நிலையில் உள்ளனவா என்று பார்த்து வாங்குவது முக்கியம். விலை கூடினாலும் பரவாயில்லை.

பூஞ்சையோடு எந்த இயந்திரத்திலும் போடக் கூடாது. ஹெட்டில் அடைவது மட்டுமன்றி, அதே இயந்திரத்தில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் அது தொற்றும். கேசட்டை முதலில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி இறுக்கிய டப்பாவில் உலர வைத்தேன். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை இழுகி நாடாவோடு அப்பிக்கொள்ளும். உலர்ந்தால் பொடியாக உதிரும். உலர்ந்த பிறகு முகக்கவசம் அணிந்து, மாடியில் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, கூட்டின் இணைப்புக் கோட்டில் மெல்லிய கத்தி அலகைப் பதித்து ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டிப் பிளந்தேன். அலகு ஆழமாக இறங்கினால் சுருளைக் கீறிவிடும் என்பதால் மூலைகளில் மட்டும் பிளந்து, நடுப்பகுதியை விரல் நகத்தால் நெம்புவதுதான் பாதுகாப்பு. சாமணம் பிளாஸ்டிக்காலோ பித்தளையாலோ ஆனதாக இருக்க வேண்டும். காந்தமேறிய இரும்புச் சாமணம் பதிவை அழிக்கக்கூடியது.

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், 60 நிமிட நாடாவின் நீளம் ஏறத்தாழ 90 மீட்டர். அவ்வளவையும் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குக் கையால் சுற்றி, இடையில் நூல் பிரியாத மெல்லிய துணியை இரண்டு விரலால் பிடித்து நாடாவை அதன் ஊடே இழுத்தேன். துணியின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். இதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, பொறுமை மட்டும் போதும்.

செலோ டேப் ஒட்டிய இடம்தான் வேலை வாங்கியது. செலோ டேப்பின் பசை வெப்பத்தில் கசிந்து, மேலும் கீழும் இருந்த சுற்றுகளைச் சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது. இழுத்துப் பிரித்தால் காந்தப் பூச்சு பசையோடு பெயர்ந்து வந்துவிடும். லைட்டர் பெட்ரோலைப் பஞ்சுக் குச்சியின் நுனியில் தொட்டு, ஒட்டிய விளிம்பில் ஒற்றிக் காத்திருந்தால் பசை இளகும். இளகிய அளவுக்கு மட்டும் பிரித்து மீண்டும் ஒற்ற வேண்டும். அருகில் அடுப்போ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது என்பதை அத்தையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பிரித்த பிறகு அறுந்த இரண்டு முனைகளும் சுருங்கி முறுக்கியிருந்தன. வழக்கமாக முறுக்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு 45 பாகைச் சாய்வில் வெட்டி ஒட்டுவார்கள். நான் வெட்டவில்லை. ஒரு சென்டிமீட்டர் நாடா என்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் ஓர் அசை அடங்கிவிடும். முனைகளை விரலால் நீவித் தட்டையாக்கி, இடைவெளியின்றி ஒன்றோடொன்று தொட வைத்து, கேசட்டுக்கென்றே விற்கும் குறுகிய ஒட்டுநாடாவை உள்பக்கத்தில் ஒட்டினேன். கேசட்டில் காந்தப் பூச்சுள்ள முகம் வெளிப்பக்கம், அதாவது ஹெட்டைப் பார்த்து, இருக்கும்; ஒட்டு எப்போதும் அதன் முதுகில்தான் விழ வேண்டும்.

அறுந்த இடத்தில் தாத்தா பேசிக்கொண்டிருப்பது 1944ஆம் ஆண்டின் பின்வாங்கலைப் பற்றி. அந்த ஆண்டு ஜனவரியில் நேதாஜி தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார். மார்ச்சில் இம்பால் நோக்கிய படையெடுப்பு தொடங்கி, ஜூலையில் மழையிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் முடிந்தது. தாத்தா அரிசிக் கடையில் எடுபிடியாக இருந்த பையன். ரங்கூனில் ஆள் சேர்த்தபோது சேர்ந்தவர். சண்டையைப் பற்றி அவர் சொல்வது குறைவு. பர்மாவின் சின்ட்வின் ஆற்றைத் திரும்பக் கடந்தபோது பூட்ஸ் அழுகிக் காலோடு ஒட்டிக்கொண்டதையும், உப்பில்லாக் கஞ்சியையும் சொல்கிறார். “உப்புக் கல்லு ஒண்ணு இருந்தவன் மடியில முடிஞ்சு வச்சிருந்தான், தங்கம் மாதிரி” என்கிறார். எங்கள் சமையலறையில் உப்பு ஜாடி பாதிக்குக் கீழே இறங்கினால் அப்பத்தா ஏன் பதறுவார் என்பது எனக்கு அந்த வரியில்தான் தெரிந்தது. நோயாளியாகப் பின்னுக்கு அனுப்பப்பட்டு, தேறி, மீண்டும் ரங்கூனுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். 1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, நகரத்தில் ஒழுங்கைக் காக்க மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் வீரர்கள் விட்டுவைக்கப்பட்டார்கள். அவர்களில் இவரும் ஒருவர். ஜப்பானியர் போய்விட்டார்கள், ஆங்கிலேயர் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் கொள்ளை நடக்காமல் தெருத்தெருவாகக் காவல் சுற்றியதைத்தான் அவர் தம் இராணுவ வாழ்க்கையின் பெரிய வேலையாகச் சொல்கிறார் என்பது என் கணிப்பு. அதைச் சொல்லும்போது மட்டும் பேச்சில் ஒரு நிமிர்வு இருக்கிறது.

இனி இயந்திரம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெரிய டெக்கைத் தவிர்த்துவிட்டு, மின்கலத்தில் ஓடும் கையடக்க டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். யாங்கோனின் மின்வெட்டு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீட்டு மின்சாரத்தில் ஓட்டினால் அதன் 50 ஹெர்ட்ஸ் முனகல் பதிவோடு கலந்துவிடும். நாடாவில் ஏற்கெனவே பதிந்திருக்கும் முனகலை அதிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகும். அந்தப் பழைய முனகல் எனக்குத் தேவைப்பட்டது. காரணம் பின்னால் வருகிறது. இயந்திரத்தின் பெல்ட் இளகிப் பிசினாகியிருந்ததால் புதியது மாற்றினேன். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பிறகு 3150 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி பதிந்த கேசட்டைப் போட்டு, மோட்டாரின் வேகத் திருகைச் சரிசெய்து, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற முறையான வேகத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகத் திருத்த வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும், நேராக இருக்கும் ஹெட்டில் அந்த நாடா மந்தமாகத்தான் ஒலிக்கும். ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு திருகை நாடா ஓடும்போதே மிகச் சிறிதாகத் திருப்பிக்கொண்டே கேட்டால், ஓரிடத்தில் சகர ஒலிகள் எல்லாம் திடீரெனக் கூர்மையாகும். அங்கே நிறுத்த வேண்டும். தாத்தா “தம்பி, சௌக்கியமா” என்று தொடங்குவது இதற்கு வசதியாக இருந்தது. அவருடைய பக்கத்துக்கு ஒரு நிலையும் சின்னத் தாத்தாவின் பக்கத்துக்கு வேறொரு நிலையும் வைத்தேன். இரண்டும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு இயந்திரத்தில் பதிந்தவை.

கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிவு செய்தேன். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 500 எம்.பி. ஆகும். கைப்பேசியை ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்துவிட்டுக் கேசட்டைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த எண்களை எழுதுகிறேன்.

ஓட்டிக் கேட்டபோது குரல் தெளிவாக இருந்தது, ஆனால் தளர்ந்திருந்தது. தாத்தா அப்போதே நோயாளியாகிவிட்டார் என்றே நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம். அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “அவர் இப்படி இழுத்துப் பேச மாட்டார், படபடன்னு பேசுவார்” என்றார். பதிவு எந்தக் காலத்தது என்பதைப் பேச்சே காட்டிக்கொடுக்கிறது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் போன மாதம் செல்லாமல் போனதையும், அவற்றுக்குப் பதிலாக 45, 90 கியாட் நோட்டுகள் வந்திருப்பதையும் தம்பிக்குச் சொல்கிறார். செல்லாத அறிவிப்பு 1987 செப்டம்பர் 5ஆம் நாள் வந்தது. ஆகவே இது அக்டோபர். அப்போது அவருக்கு வயது அறுபதைச் சற்றுத் தாண்டியிருக்கும். வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

பழைய முனகல் இங்கேதான் உதவியது. தாத்தாவின் பதிவு வீட்டு மின்சாரத்தில் ஓடிய ரிக்கார்டரில் செய்யப்பட்டது. அதனால் 50 ஹெர்ட்ஸ் முனகல் பேச்சின் அடியில் மெலிதாகப் பதிந்திருக்க வேண்டும். அவர் பேசாமல் நிறுத்தும் இடங்களைத் தேர்ந்து எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு என்று காட்டும் படம் எடுத்துப் பார்த்தால், மேடு 50இல் இல்லை, 47.6இல் இருந்தது. அதாவது பதிவு செய்த ரிக்கார்டர் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வேகமாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் அந்த அளவு தாழ்ந்து, மெதுவாகிவிடுகிறது. ஐந்து விழுக்காடு என்பது சுருதியில் கிட்டத்தட்ட அரை சுரம். ஒரு மனிதரின் வயதைக் கூட்டிக் காட்ட அது தாராளமாகப் போதும்.

ஆனால் மின்சார முனகலை மட்டும் நம்பக் கூடாது. மின்வழங்கலின் அதிர்வெண் அந்தந்த நாளில் ஏறி இறங்கியிருக்கலாம். நல்ல வேளையாக இன்னொரு சாட்சி இருந்தது. பேச்சுக்குப் பின்னால் சாவி கொடுக்கும் டைம்பீஸ் ஒன்று விடாமல் ‘டிக் டிக்’ என்கிறது. அந்தக் கடிகாரம் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 240 தட்டல். நாடாவில் எண்ணினால் நிமிடத்துக்கு 228க்கும் 229க்கும் இடையில் வந்தது. இரண்டு சாட்சிகளும் ஒரே ஐந்து விழுக்காட்டைச் சொன்னதால் அந்த அளவுக்கு வேகத்தைக் கூட்டினேன். முப்பது நிமிடப் பக்கம் இருபத்தெட்டரை நிமிடமாகச் சுருங்கியது. அப்பா முதல் வாக்கியத்திலேயே தலையாட்டினார். அத்தை, “ஆமா, இப்படித்தான் அதட்டுவார்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அடுத்து இரைச்சல் நீக்கம். மென்பொருளில் இரைச்சலின் மாதிரியைக் காட்டினால் அது முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். சோதனைக்குக் கோப்பின் ஒரு படியில் செய்து பார்த்தேன். இரைச்சல் போனது; கூடவே கடிகாரம் போனது, பின்கட்டில் அப்பத்தா எதையோ இடிக்கும் ஓசை போனது, சுவருக்கு அந்தப் பக்கம் என் அக்கா ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல் பாதி போனது. தாத்தாவின் குரலும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. அந்தப் படியை அழித்தேன். குடும்பத்துக்குக் கொடுக்கும் படியில் முனகலை மட்டும் அதன் அதிர்வெண்ணில் இலேசாகக் குறைத்திருக்கிறேன். மூலக் கோப்பில் அதுவும் இல்லை.

இந்த முடிவு வெறும் தொழில்நுட்ப முடிவன்று. அந்தப் பக்கத்தில் படைப் பேச்சு ஆறு நிமிடம். மிச்சம் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் வீடு. பேச்சு ஏன் வந்தது என்பதும் பதிவிலேயே இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான இந்திய அரசின் ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம் என்று சின்னத் தாத்தா விவரம் கேட்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாகத்தான் படைக் கதையைக் கடகடவென்று ஒப்பிக்கிறார். “நீ கேட்ட விவரத்தை முதல்ல சொல்லி முடிச்சிடறேன் தம்பி, அப்புறம் வீட்டு விஷயம் பேசுவோம்” என்றுதான் ஆரம்பமே. முடிவில், “காகிதமெல்லாம் கரையான் தின்னுடுச்சு. சான்று கேட்டா எங்க போறது? நீ இதுக்காக ஆபீஸ் ஆபீஸா அலையாதே” என்று சொல்லி அந்தப் பேச்சை மூடிவிடுகிறார். நாங்கள் ஆண்டுதோறும் தேடித் தேடிக் கேட்டுத் தேய்த்தது அவர் கடமைக்குச் சொல்லி முடித்த பகுதியை. அவர் பேச விரும்பிய பகுதி நாடாவில் புத்தம் புதிதாக இருந்தது, காந்தப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

அதில் என்ன இருக்கிறது? மூத்த மகளின் பிரசவம். இரண்டாவது மகனுக்கு வேலை கிடைக்காத கவலை. தனியார் பள்ளிகள் 1960களில் அரசுடைமையான பிறகு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆளில்லாமல், சாயங்காலம் தாமே அரிச்சுவடி வைத்து உட்கார்வதும், தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிட்டதும். அப்பத்தாவின் இருமலுக்கு எந்த வைத்தியர் என்ன கொடுத்தார் என்பதை மருந்துச் சீட்டுப் படிப்பதுபோல முழுதாகச் சொல்கிறார். இடையில் மைக்கில் எதுவோ உரசுகிறது. மடியில் இருந்த குழந்தை நான் என்று அத்தை சொல்கிறார். அது வேறு எந்தப் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் மடி காலியாக இருந்த நேரம் குறைவு.

நோட்டுகள் செல்லாமல் போனதைப் பற்றி அவர் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தம் வாழ்நாளில் பணம் காகிதமானதை நான்கு முறை பார்த்துவிட்டதாகக் கணக்குச் சொல்கிறார்: போர் முடிந்தபோது ஜப்பானியர் அச்சடித்த நோட்டு, 1964, 1985, பிறகு இது. “நாப்பத்தஞ்சு ரூவா நோட்டாம், தொண்ணூறு ரூவா நோட்டாம். சைக்காக்காரன்கிட்ட சில்லறை வாங்கறதுக்குக் கணக்கு வாத்தியாரைக் கூட்டிட்டுப் போகணும்” என்று சிரிக்கிறார். சைக்கா என்பது பக்கவாட்டு இருக்கை வைத்த மிதிவண்டி. கையில் காசு சேர்ந்தால் அதைக் கூரைத் தகரமாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிடுவதாகவும், எந்தச் சர்க்காரும் தகரம் செல்லாது என்று சொல்லாது என்றும் தம்பிக்கு யோசனை சொல்கிறார். அந்தத் தகரங்களில் சில எங்கள் பின்கட்டுக் கூரையில் இப்போதும் இருக்கின்றன. அத்தையின் திருமணத்துக்கு விற்றவை போக மிஞ்சியவை.

பேச்சை எழுத்தாக்கும்போது நேரக் குறிப்போடு, அவர் சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே எழுதினேன். கலந்து வரும் பர்மியச் சொற்களையும் அப்படியே விட்டேன். ஒலி விட்டுப்போன இடங்களில் ஊகித்து நிரப்பாமல் புள்ளிகள் இட்டேன். படைப் பகுதியில் அப்படி ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன. அவருடைய பிரிவின் பெயர் அவற்றுள் ஒன்றில் போய்விட்டது. அப்பாவுக்கு நினைவிருப்பதாகச் சொன்ன பெயரை அடைப்புக்குள் இடாமல், அப்பா சொன்னது என்று அடிக்குறிப்பில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

மூல நாடா புதிய கூட்டில், மேற்புறத்துப் பாதுகாப்புப் பிளாஸ்டிக் நாக்குகள் இரண்டும் உடைக்கப்பட்டு, யாரும் தவறியும் மேலே பதிவு செய்ய முடியாதபடி இருக்கிறது. ஒரு பக்கம் முழுதாகச் சுற்றி, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்து மீண்டும் வைக்கலாம். பழைய கூட்டையும் எறியவில்லை. அதில் தாத்தா எழுதிய முகவரி இருக்கிறது. வேவ் கோப்புகள் மூன்று இடத்தில் உள்ளன, அவற்றில் ஒன்று நாட்டுக்கு வெளியே.

சின்னத் தாத்தாவின் பக்கம் இன்னும் முடியவில்லை. அதில் முனகலின் மேடு 48.9இல் இருக்கிறது, ஆனால் 1980களில் இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண்ணே பல நேரம் 49க்குக் கீழே இறங்கியதால், அது ரிக்கார்டரின் பிழையா மின்சாரத்தின் பிழையா என்று சொல்ல முடியாது. பின்னால் கடிகாரமும் இல்லை, தெருவில் போகும் ஒரு காய்கறி வண்டிக்காரரின் கூவல்தான் இருக்கிறது. திருத்தாதது, ஒரு விழுக்காடு கூட்டியது, இரண்டு விழுக்காடு கூட்டியது என மூன்று படிகளைத் திருச்சியில் இருக்கும் அவருடைய மகள்களுக்கு அனுப்பினேன். மூத்தவர் இரண்டாவது படி என்கிறார், இளையவர் மூன்றாவது என்கிறார். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்கள். அதுவரை மூன்றும் இருக்கட்டும்.